கடல் எல்லைப் புள்ளியைச் சரியாகப் பதியுங்கள்

1974-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், பாக் நீரிணைப் பகுதியில் ஆறு புள்ளிகளைக் குறித்து அவற்றை இணைக்கும் கோட்டை எல்லையாக்கியது. தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது. படகின் ஜிபிஎஸ் கருவியில் புள்ளிகளைப் பதிந்தால்தான் எல்லை கண்ணுக்குப் படும்.

கச்சத்தீவை ஒட்டிய நான்காம் புள்ளியைப் பார்ப்போம். ஒப்பந்தப்படி அது வடக்கு 9 டிகிரி 21.80 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 30.70 நிமிடம். டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், தசம டிகிரி அமைப்பில் உள்ள கருவியில் இதை 9.3633, 79.5117 என்று மாற்றித்தான் பதிய வேண்டும். அவசரத்தில் 9.2180, 79.3070 என்று அடித்தாலும் கருவி மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் குறி 27 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ராமேசுவரத்துக்குத் தெற்கே போய் விழும். எல்லையை நெருங்கும்போது அடிக்க வேண்டிய அலாரம் அடிக்காது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டால் குறி வட துருவப் பக்கம் போய்விடும். அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். நிமிடத்தைத் தசமமாக எண்ணும் பிழைதான் ஆபத்தானது. குறி நம்ம கடலிலேயே, நம்பும்படி நிற்கும்.

பதிந்ததும் ஜெட்டியில் நின்றபடியே சோதியுங்கள். கருவி காட்டும் இடமும் படகு நிற்கும் இடமும் ஒன்றா? இடத்தைக் கணக்கிட கருவி பயன்படுத்தும் அடிப்படை அளவை முறை (டேட்டம்) 'டபிள்யூஜிஎஸ் 84' என்று இருக்கிறதா? வேறாக இருந்தால் சில நூறு மீட்டர் விலகும். அலாரத்தை எல்லைக்கு ஒரு மைலாவது முன்னால் வையுங்கள். வலை தண்ணீரில் கிடக்கும்போது நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும்.

மீன் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்தே போகிறவர்களை எந்தக் குறியும் காப்பாற்றாது. அது இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டிய வாழ்வாதாரப் பிரச்சினை. ஆனால் எல்லைப் புள்ளிகளைத் தமிழில், எந்த அமைப்பில் பதிய வேண்டும் என்ற விளக்கத்தோடு கேட்டுப் பெற மீனவருக்கு முழு உரிமை உண்டு. மீன்வளத் துறையிடம் சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் கேளுங்கள்.

எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால், கருவியில் பதிவான படகு போன தடத்தை அழிக்காதீர்கள். எங்கே நின்றீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. படகின் பதிவுச் சான்று, உரிமம் ஆகியவற்றின் நகல் கரையில் குடும்பத்தாரிடம் இருக்கட்டும். 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உடன்படிக்கையின்படி, கைதானவர் கேட்டால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலும் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள்.

எஞ்சின் நின்றுபோனால் விஎச்எஃப் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையை 1554-ல் அழைக்கலாம். இடத்தைச் சொல்லும்போது எண்ணை மட்டும் ஒப்பிக்காமல், "ஒன்பது டிகிரி, இருபத்தொன்று புள்ளி எட்டு நிமிடம், வடக்கு" என்று அலகோடு சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.