ஜான் ஏ. ரோப்ளிங் மைந்தர் நிறுவனம்

ஜான் ஏ. ரோப்ளிங் மைந்தர் நிறுவனம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ட்ரென்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய கம்பிவட உற்பத்தி மற்றும் தொங்குபாலக் கட்டுமான நிறுவனம் ஆகும். ரோப்ளிங் குடும்பத்தினர் நூறாண்டுகளுக்கு மேல் இதனை நடத்தினர். புரூக்ளின் பாலம் இக்குடும்பத்தின் பெயரோடு பிரிக்க இயலாதது.

தோற்றம்

நிறுவனர் ஜான் அகஸ்டஸ் ரோப்ளிங் 1806ஆம் ஆண்டு இன்றைய ஜெர்மனியின் மூல்ஹவுசனில் பிறந்தார். பெர்லினில் பயின்றபின் 1831இல் அமெரிக்கா சென்று, பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்னும் ஊரை அமைத்து உழவில் ஈடுபட்டார். அது அவருக்குக் கைகூடவில்லை. பொறியியல் பணிக்கே திரும்பினார்.

அக்காலத்தில் கால்வாய்ப் படகுகளை அலெகனி மலைச்சரிவுகளில் தண்டவாளத்தின் வழியே இழுத்தேற்றப் பருமனான நார்க்கயிறுகள் பயன்பட்டன. இவை விரைவில் தேய்ந்து அறுந்தன. மாற்றாக, 1841இல் ரோப்ளிங் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். சங்கிலியில் ஒரு கண்ணி முறிந்தால் முழுச் சங்கிலியும் வீணாகும். கம்பிவடத்திலோ ஒன்று அறுந்தாலும் ஏனையவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். தொழில் வளரவே, 1849இல் ட்ரென்டனுக்கு இடம்பெயர்ந்தார்.

பாலங்களுக்கான முதன்மை வடங்கள் முறுக்கப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான கம்பிகள் கோபுரங்களுக்கு மேலாக ஒவ்வொன்றாக இழுக்கப்பட்டு, இணையாக அடுக்கி, புறத்தே கம்பி சுற்றிக் கட்டப்படுகின்றன. இம்முறையில் அவர் நயாகரா ஆற்றின் மீது தொடருந்து செல்லும் தொங்குபாலத்தை 1855இல் முடித்தார்.

புரூக்ளின் பாலம்

நியூயார்க்கின் கிழக்கு ஆற்றின் மீது 486 மீட்டர் நடுவிடைவெளி கொண்ட பாலத்தை ஜான் வடிவமைத்தார். 1869 ஜூனில் இடத்தை அளந்துகொண்டிருந்தபோது படகொன்று மோதி அவரது கால் நசுங்கியது. அடுத்த மாதம் இசிவு நோயால் இறந்தார். மகன் வாஷிங்டன் தலைமைப் பொறியாளரானார்.

கோபுர அடித்தளங்களுக்காக ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெருமரப் பெட்டிகளுக்குள் தொழிலாளர் தோண்டினர். அழுத்தத்திலிருந்து விரைந்து வெளியேறியோரின் குருதியில் வளிக்குமிழிகள் தோன்றின. சிலர் இறந்தனர். வாஷிங்டனும் 1872இல் இந்நோயால் முடங்கினார். அதன்பின் அவரது மனைவி எமிலி, பொறியியலைத் தாமே கற்று, பல்லாண்டுகள் கணவரின் ஆணைகளைப் பணியிடத்துக்கு எடுத்துச் சென்றார்.

வடக் கம்பி ஒப்பந்தம் வேறொரு சிக்கலைக் கிளப்பியது. பாலத்தின் அலுவலர் எவருக்கும் பங்குள்ள நிறுவனம் போட்டியிடக் கூடாது என்று பால நிர்வாகக் குழு முடிவெடுத்ததால், வாஷிங்டன் குடும்ப நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளை விற்றுவிட்டார். இருந்தும் ஒப்பந்தம் புரூக்ளினைச் சேர்ந்த ஜே. லாயிட் ஹெய் என்பவருக்கே சென்றது. சோதனையில் தேறிய கம்பிகளை வழியில் மறைத்து, தள்ளப்பட்ட கம்பிகளை ஹெய் அனுப்பிவந்தது 1878இல் வெளிப்பட்டது. சுற்றப்பட்ட கம்பிகளைப் பிரித்தெடுக்க இயலவில்லை. ஆனால், வடங்கள் தேவையைப்போல் ஆறு மடங்கு வலிமை உடையனவாகத் திட்டமிடப்பட்டிருந்தன. குறைந்த தரத்திலும் ஐந்து மடங்கு எஞ்சும் என வாஷிங்டன் கணக்கிட்டார். வடமொன்றுக்குச் சுமார் 150 கம்பிகள் ஹெய்யின் செலவில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. 1883 மே 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. அக்கம்பிகள் இன்றும் அதன் வடங்களுக்குள் உள்ளன.

பிற்காலம்

1876இல் பதிவுபெற்ற நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தியவர்கள் வாஷிங்டனின் தம்பியர். வணிகத்தை ஃபெர்டினாண்டும் உற்பத்தியைச் சார்லஸும் கவனித்தனர். உயர்த்திகள், சுரங்கங்கள் ஆகியவற்றுக்கான வடங்களே வருவாயின் அடிப்படையாக இருந்தன. பாலங்கள் புகழைத் தந்தன. பிற நிறுவனங்களின் எஃகைச் சார்ந்திராதிருக்க, 1905 அளவில் ட்ரென்டனுக்குத் தெற்கே ஆலையும் ரோப்ளிங் என்னும் தொழிலாளர் ஊரும் அமைக்கப்பட்டன.

அடுத்த தலைமுறைத் தலைவர் 1921இல் இறந்தபோது, 84 அகவையில் வாஷிங்டன் பொறுப்பேற்று, 1926இல் இறக்கும்வரை அதில் நீடித்தார். ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் (1931), கோல்டன் கேட் பாலம் (1937) ஆகியவற்றின் வடங்களும் இந்நிறுவனத்தின் பணியே. 1950களின் தொடக்கத்தில் குடும்பம் நிறுவனத்தைக் கொலராடோ எரிபொருள் மற்றும் இரும்பு நிறுவனத்துக்கு விற்றது. ரோப்ளிங் ஊரின் ஆலை 1974இல் மூடப்பட்டது. அதன் முதன்மை வாயிற்கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் உள்ளது.