கொள்ளுப்பிட்டி மரங்களில் ஒரு வல்லூறு

வல்லரசுகளின் ஆக்கிரமிப்பைக் கண்டித்து எழுதும்போதெல்லாம் 'வல்லூறு' என்ற சொல்லைக் கையாள்வது எமது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. இதனால் அதனை ஒரு இராட்சதப் பறவையாகவே பலரும் கற்பனை செய்துள்ளனர். உண்மையில் அது புறாவின் பருமனே உடையது. நீளம் 26 முதல் 36 சென்ரிமீற்றர் வரையே. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியின் இரைச்சலுக்குச் சற்று அப்பால், பழைய வளவுகளின் மாமரங்களிலும் வீதியோர நிழல் மரங்களிலும் அதனைக் காணலாம்.

பேர வாவிக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து வேறு, இது வேறு. ஆண் வல்லூறின் முதுகு சாம்பல் நிறமானது, வெண்மார்பில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள் காணப்படும், கண்கள் சிவந்திருக்கும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. அதன் கண்கள் மஞ்சள் சார்ந்தவை. இளம் பறவையின் மார்பிலோ கோடுகள் நெடுக்காக ஓடுவதால், அதனை வேறொரு இனமெனக் கருதி ஏமாறுவோர் உண்டு.

குறுகிய இறக்கையும் நீண்ட வாலும் கிளைகளுக்கிடையே வளைந்து பறப்பதற்கு ஏற்றவை. இலைச்செறிவில் அசையாது அமர்ந்திருந்து, ஓணான், அணில், எலி, சிறு பறவை என எது அகப்பட்டாலும் பாய்ந்து பற்றும். புலுனிகளும் அணில்களும் ஒருசேரக் கூச்சலிடுமாயின் அருகில் வல்லூறு இருக்கக்கூடும் என ஊகிக்கலாம். மரக்கவட்டில் சுள்ளிகளால் கூடு கட்டி மூன்று நான்கு முட்டைகள் இடும். ஏறக்குறைய மூன்று வாரங்களில் குஞ்சு பொரிக்கும்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ஷிக்ரா' என்ற பெயர், வேட்டையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் காடை, கௌதாரி பிடிக்க இதனைப் பழக்கினர். பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனத்தை அறிந்த வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1788 இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டபோது அடிப்படையாக அமைந்ததும் இலங்கைப் பறவையே.

இன்று அதற்குள்ள ஆபத்துகளில் ஒன்று எம் சமையலறையிலிருந்து புறப்படுகின்றது. குருதி உறைவதைத் தடுக்கும் எலிப்பாசாணங்களை உண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அவ்வாறான எலியே வல்லூறுக்கு இலகுவில் அகப்படுவது. நஞ்சும் அதனுடனேயே செல்கின்றது. தொடர்மாடிகளுக்காக வீழ்த்தப்படும் மரங்களைக் காப்பது தனிமனிதரால் இயலாதிருக்கலாம். பாசாணத்துக்குப் பதிலாக எலிப்பொறி வைப்பது எவராலும் இயலும்.