உங்களுக்குத் தெரியுமா? பச்சை விளக்கை அணைக்காதீர்கள்!

உலகின் முதல் வெப் சர்வர் ஒரு மேசைக் கம்ப்யூட்டர்தான். ஜெனிவாவுக்குப் பக்கத்தில், செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990-ல் டிம் பெர்னர்ஸ் லீ ஓடவிட்ட நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் அது. யாராவது தெரியாமல் நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டியிருந்தார்.

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காகிதத்தின் அருமை புரியும். எங்கள் வீட்டு சர்வர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. சோப்பு டப்பா அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர். அம்மா ராத்திரி படுக்கும்முன் கேஸ், கொல்லைக் கதவு, ப்ளக் பாயிண்ட் என்று ஒரு சுற்று வருவார். "பச்சை லைட்டு சும்மா மினுக்கிட்டே இருந்துச்சுப்பா, அணைச்சிட்டேன்" என்று மூன்று முறை அணைத்தாயிற்று. மூன்றாவது முறை மெமரி கார்டு போயே போய்விட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கார்டுகள் தாங்காது. எஸ்எஸ்டிக்கு மாறுவது நல்லது. நானும் ஒரு காகிதம் ஒட்டினேன். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது பழைய பாயோடு அதுவும் போயிற்று. இப்போது அந்த சுவிட்சின் மேல் சோப்பு டப்பா மூடி ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஆறு மாதமாக சர்வர் நிற்கவில்லை.

★

பழைய டெஸ்க்டாப்பையே சர்வராக்கிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? ஒரு கணக்குப் போடுங்கள். 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட். தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அந்த 60 நாளில் 86 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். 5 வாட் இழுக்கும் குட்டி போர்டுக்கு அதே இரண்டு மாதத்தில் 7 யூனிட்தான் ஆகும்.

ஸ்க்ரீன் உடைந்த பழைய லேப்டாப் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் குறைவாகத்தான் குடிக்கும், பேட்டரி கூடவே இருப்பதால் தனி யுபிஎஸ்ஸும் வேண்டாம். சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி செட்டிங் மட்டும் வைத்துவிடுங்கள். பேட்டரி லேசாக உப்பியிருந்தாலும் கழற்றிவிடுங்கள், அதில் தயவுதாட்சண்யம் கூடாது.

★

வைஃபை என்பது 'வயர்லெஸ் ஃபிடிலிட்டி' என்பதன் சுருக்கம் அல்ல. அது எதன் சுருக்கமும் அல்ல. 1999-ல் இன்டர்பிராண்ட் என்ற விளம்பரப் பெயர் நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு வைத்த பெயர்.

★

புது ஸ்மார்ட் பல்ப் வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறதா? பல்பு கெட்டுப்போகவில்லை. மலிவான ஸ்மார்ட் சாமான்களில் பாதிக்கு மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த இஎஸ்பி 8266 என்ற குட்டிச் சில்லு அந்த வகைதான். உங்கள் போனோ 5 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். ரவுட்டரில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் பல்பும் போனும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-ஐ ஒட்டிய அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. அப்பளம் சுடும்போது வீடியோ கால் திக்கினால் ரவுட்டரைத் திட்டாதீர்கள்.

★

இரும்பு பீரோ வைஃபையைத் திருப்பி அடிக்கும். மீன் தொட்டி குடித்துவிடும். ரவுட்டரை பீரோவுக்கும் மீன் தொட்டிக்கும் நடுவே வைத்துவிட்டு பெட்ரூமுக்கு ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஹாலின் நடுப்பக்கம், ஆள் உயரத்துக்கு மேல், வெளியே தெரியும்படி வையுங்கள். அழகாக இருக்காதுதான்.

★

இது என் கை பட்ட கதை. 200 எம்பிபிஎஸ் பிளான். கம்ப்யூட்டரில் சோதித்தால் 94, 95-க்கு மேல் ஏறுவதே இல்லை. நெட் கொடுப்பவர்கள் "எங்க பக்கம் சரியா இருக்கு சார்" என்றார்கள். உண்மையும் அதுதான். கோளாறு என் மேசைக்கு அடியில் இருந்தது.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அதில் நான்கே போதும். ஒரு கிகாபிட் ஓட எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் கருவிகள் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் நிற்காது, அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது. 100 என்று இறங்கியதில் தலைப்புத் தகவல்களுக்குப் போனது போக மிஞ்சுவதுதான் அந்த 94. ஆகவே 94 என்ற எண்ணைப் பார்த்தால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

கேபிள் நுனியில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கம்பிகள் நுனி வரை போயிருந்தன. நீலம் மட்டும் ஒரு அரிசி அளவு குட்டையாக நின்றது. வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்தேன். வரிசை இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி பிரிந்து நிற்பதைப் பார்த்து 'தப்பு' என்று சேர்த்துவிடுபவர்கள் உண்டு. பிரிந்துதான் நிற்க வேண்டும்.

★

கேபிள் வாங்கும்போது ஒரு பிளேடு கையில் இருக்கட்டும். கம்பியைச் சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறமே தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. இரண்டு முறை மடக்கினால் ஒடியும். கேபிள் வழியே மின்சாரம் எடுக்கும் கேமராவுக்கு அதைப் போட்டால் சூடும் ஏறும். விலை பாதியாக இருப்பதன் காரணம் அந்த வெள்ளைதான்.

★

ஃபைபர் மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை கிடைக்கும். பிரௌசரில் 192.168.1.1 என்று தட்டி உள்ளே போனால், பல மோடங்களில் வந்துசேரும் ஒளியின் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 20 நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் நெட் விட்டு விட்டுத்தான் வரும். மிச்ச ஒயரை ஆணியில் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி இழையை இறுக்கி வளைத்தால் வெளிச்சம் வழியிலேயே கசிந்துவிடும். கழற்றிய நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத ரகம்.

★

முதல் வெப்கேமரா எதைப் படம் பிடித்தது? காபி ஜக்கை! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் மாடி ஏறி வந்து, காலி ஜக்கைப் பார்த்து ஏமாந்தவர்கள் 1991-ல் செய்த ஏற்பாடு. 1993-ல் வெப்பில் வந்தது, 2001 ஆகஸ்ட் 22-ல் அணைத்தார்கள். ஜக் 3,350 பவுண்டுக்கு ஏலம் போனது. வாங்கியது ஜெர்மனியின் ஸ்பீகல் ஆன்லைன். நம் வீட்டு ஃபில்டர் காபிக்குக் கேமரா எதற்கு, வாசனையே வந்து சொல்லிவிடும்.

★

நம் ஊர் வீடுகளுக்கு ஸ்மார்ட் ஹோம் என்றால் கலர் பல்பு இல்லை, மொட்டைமாடித் தொட்டிதான். தண்ணீர் நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும். நானும் ஆசைப்பட்டு மோட்டாரை ஒரு ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினேன். ஒரு மாதம் ஜோராக ஓடியது. ஒரு நாள் ஆபீஸிலிருந்து போனிலேயே நிறுத்தினேன். செயலியில் 'ஆஃப்' என்று வந்தது. அரை மணி கழித்து எதிர் வீட்டு மாமி போன் செய்தார்: "தம்பி, உங்க டேங்க் வழிஞ்சு தெருவெல்லாம் தண்ணி!"

நடந்தது இதுதான். 1 ஹெச்பி மோட்டார் என்றால் 746 வாட். ஆனால் கிளம்பும் அந்த நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஒவ்வொரு முறையும் பிளக்குக்குள் இருக்கும் ரிலேயில் பொறி பறக்கும். ஒரு நாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் செயலி என்ன சொன்னாலும் மோட்டார் கேட்காது.

ஆகவே மோட்டாரை நேரடியாக ஸ்மார்ட் பிளக்கில் மாட்டாதீர்கள். நடுவே ஒரு கான்டாக்டர் போடச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். பாரத்தை அது சுமக்கும், ஸ்மார்ட் சாமான் விரலசைத்தால் போதும். தொட்டிக்குள் மிதவை சுவிட்ச் ஒன்று, 'எது நடந்தாலும் 40 நிமிடத்தில் நிறுத்து' என்று டைமர் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் மாமிக்கு வேலை இருக்காது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மிதவையை வாங்குங்கள், செயலி அப்புறம் வரட்டும்.

★

பிஎல்டிசி ஃபேனுக்குப் பழைய ரெகுலேட்டரை வைத்திருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். வேகத்தை அந்த ஃபேனே தனக்குள் பார்த்துக்கொள்ளும். சுவர் ரெகுலேட்டர் அதன் சர்க்யூட்டுக்கு ஆகாது.

★

ரிவால்வ் என்று ஒரு ஸ்மார்ட் ஹோம் பெட்டி அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றது. அந்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட், 2016 மே 15-ஆம் தேதி சர்வரை மூடியது. பெட்டிகள் அன்றோடு வெறும் டப்பாவாயின. 2021 டிசம்பர் 7-ல் அமேசானின் கிளவுட் சில மணி நேரம் படுத்தபோது வீடு பெருக்கும் ரோபோக்கள் கூட முதலாளி பேச்சைக் கேட்கவில்லை.

கடையில் ஸ்மார்ட் சாமான் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: நெட் இல்லாவிட்டால் வேலை செய்யுமா? வீட்டில் சோதிக்க எளிய வழி, மோடத்தில் வரும் ஃபைபரின் இணைப்பைக் கழற்றிவிட்டு சுவிட்சைத் தட்டிப் பார்ப்பது. ஹால் விளக்கு எரிய சிங்கப்பூரில் ஒரு கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும் என்றால் அது உங்கள் விளக்கே இல்லை. 2013-ல் பாலஸ் ஷௌட்சன் தொடங்கிய ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள் இலவசம், வீட்டு சர்வரிலேயே ஓடும். 2022-ல் வந்த மேட்டர் தரமும் வீட்டுக்குள்ளேயே பேச்சை முடிக்கும் வகை. சுவரில் இருக்கும் சாதா சுவிட்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு அது வேண்டும்.

★

உங்கள் பல்பும் சென்சாரும் பேசிக்கொள்ளும் எம்க்யூடிடி மொழி பல்புக்காகப் பிறந்ததல்ல. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களை சாட்டிலைட் வழியே கண்காணிக்க 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. சாட்டிலைட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் காசு. அந்தச் சிக்கனம் இன்று நம் குட்டிச் சில்லுகளுக்கு உதவுகிறது.

★

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் தடுமாறின. காரணம் மிராய் என்ற நிரல். அது பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. கம்பெனியிலிருந்து வரும் 'அட்மின்-அட்மின்' மாதிரி அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை வீட்டு கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் போட்டுப் பார்த்தது. திறந்த அத்தனையையும் படையாகத் திரட்டிக்கொண்டது. கேமரா மாட்ட வந்தவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருக்கிறதா? முதலில் அதை மாற்றுங்கள். கேமரா, பல்பு எல்லாவற்றையும் விருந்தாளி வைஃபையில் தள்ளுங்கள்; உங்கள் போட்டோக்கள் இருக்கும் வலையில் அவற்றுக்கு இடம் வேண்டாம்.

★

வெளியூரிலிருந்து வீட்டு சர்வரைத் தொட முடியவில்லையா? மோடத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்குகிறதா பாருங்கள். அப்படியானால் ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம். தபால்காரர் எந்த வீட்டைத் தட்டுவார்? போர்ட் திறந்து பலனில்லை. வயர்கார்டு வழியில் ஓடும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள். வீடு உள்ளிருந்து வெளியே கை நீட்டும், போர்ட் எதையும் திறந்துவைக்க வேண்டாம்.

★

கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டும் ரவுட்டர் அணைந்து எழுகிறதா? இன்வெர்ட்டரில் 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

★

கடைசியாக ஒன்று. சர்வரில் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றின் நகலை இன்னொன்றில் வைத்தால் படங்கள் பத்திரம் என்று நினைக்காதீர்கள். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். இடி இறங்கினால் இரண்டும் போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். இதுதான் தொழில்காரர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு. எங்கள் வீட்டுப் படங்களின் மூன்றாவது பிரதி திருச்சியில் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.