பிணத்தின் விரலில் மணிக்கயிறு!

உயிரோடு புதைத்துவிடுவார்களோ? கதிகலங்கிய ஐரோப்பா

செத்த பிறகு புதைத்தால் பரவாயில்லை. சாவதற்கு முன்பே புதைத்துவிட்டால்? சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பா மக்களைத் தூங்கவிடாமல் ஆட்டிப் படைத்த பயம் இது.

அப்போது மூக்கருகே கண்ணாடியைக் காட்டி மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் பரிசோதனை! காலரா வந்துவிட்டால் அதுவும் கிடையாது. அவசரம் அவசரமாகக் குழியில் தள்ளினார்கள்.

காவலுக்கு ஆள்

ஜெர்மனியில் டாக்டர் ஹூஃபலாண்ட் ஒரு வழி சொன்னார். உடல் அழுகத் தொடங்கும்வரை காத்திருப்போம் என்றார். அதற்கென்றே வைமார் நகரில் 1790-களில் பிண விடுதி எழுந்தது. பிறகு மியூனிக் போன்ற நகரங்களிலும் கட்டினார்கள்.

சுற்றிலும் பூக்கள். பிணத்தின் விரலில் கயிறு. மறுமுனையில் காவலாளி அறை மணி. விரல் அசைந்தால் மணி அடிக்கும்!

மணி அடிக்கத்தான் செய்தது. காவலாளி விழுந்தடித்து ஓடினால்... பிணம் உப்பியதால் கயிறு இழுபட்டிருக்கும்! எழுந்து உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள்.

நோபல் உயில்

டைனமைட் கண்டுபிடித்த நோபலையும் இந்தப் பயம் விடவில்லை. "நான் இறந்ததும் ரத்தக்குழாய்களை அறுத்துப் பாருங்கள். டாக்டர்கள் உறுதி செய்த பிறகே எரியுங்கள்" என்று 1895-ல் உயில் எழுதினார். மறு ஆண்டே காலமானார்.

காது கொடுத்த தீர்ப்பு

பயத்தைத் தணித்தது மணி அல்ல, ஸ்டெதஸ்கோப்! 1816-ல் பிரான்சில் லென்னக் அதைக் கண்டுபிடித்தார். இதயத்துடிப்பு நின்றுவிட்டதா என்று அதை வைத்துக் கேட்டு மரணத்தை முடிவு செய்யலாம் என்று சொன்ன பாரிஸ் டாக்டர் பூஷூவுக்கு 1848-ல் பரிசு கிடைத்தது.

இன்றைக்கும் மரணச் சான்றில் கையெழுத்துப் போடுமுன் டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது அதைத்தான். அந்தச் சில நிமிடம் அவசரப்படக்கூடாது!