ஒருமுறையே நடந்த போட்டி

காரைக்காலைப் போன்ற கடற்கரை ஊர்களில் வாழ்வோர் மணல்மேடுகளை நன்கு அறிவர். அத்தகைய மணல்மேடுகளும் புல்வெளிகளும் நிறைந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையிலேதான் கோல்ப் என்னும் பந்தாட்டம் வளர்ந்தது. பரந்த புல்வெளியில் 18 குழிகள் அமைந்திருக்கும். ஆடுபவர் சிறு பந்தைக் கோலால் அடித்து, அக்குழிகளில் ஒவ்வொன்றாக வீழ்த்துதல் வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவரே வெற்றி பெற்றவராவர்.

இவ்வாட்டத்தை ஆங்கிலேயர் நம் நாட்டிற்குக் கொணர்ந்தனர். 1829ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கோல்ப் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. அக்கழகத்தின் புல்தரையைப் பேணும் தொழிலாளி ஒருவருக்கு 1978ஆம் ஆண்டில் ஒரு மகன் பிறந்தார். அவரே சிவசங்கர் பிரசாத் சௌராசியா. அவருக்கு ஆசிரியர் எவரும் வாய்க்கவில்லை. பிறர் ஆடுவதைக் கண்டே அவர் ஆட்டத்தைக் கற்றார். 1997ஆம் ஆண்டில் அதனையே தம் தொழிலாகவும் கொண்டார்.

2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தில்லி கோல்ப் கழகத்தில் ‘இந்தியன் மாஸ்டர்ஸ்’ என்னும் போட்டி நான்கு நாட்கள் நடைபெற்றது. ஐரோப்பியத் தொழில்முறைச் சுற்றைச் சேர்ந்த போட்டியொன்று இந்திய மண்ணில் நடைபெற்றது அதுவே முதன்முறையாகும். மொத்தப் பரிசுத்தொகை 25 இலட்சம் டாலர். புகழ் வாய்ந்த அயல்நாட்டு வீரர் பலர் வந்திருந்தனர். ஆனால், தில்லித் திடலின் ஆடுபாதைகள் குறுகியவை. இருமருங்கும் மரமும் புதரும் அடர்ந்தவை. அங்கே வலிமையினும் குறி தவறாமையே பெரிதும் வேண்டப்படுவது. சௌராசியாவோ பந்தை நெடுந்தொலைவு அடிப்பவர் அல்லர். குழியின் அருகே நுட்பமாக ஆடுவதில் வல்லவர். அயர்லாந்து வீரர் டேமியன் மக்ரேனை இரண்டு அடிகள் வேறுபாட்டில் வென்று, புல்தரை காத்தவரின் மகன் கோப்பையை ஏந்தினார்.

மறு ஆண்டும் அப்போட்டியை நடத்தத் திட்டமிட்டிருந்தனர். அதற்குள் உலகெங்கும் பொருளாதார நெருக்கடி மூண்டது. தொழில்முறைப் போட்டிக்குப் பொருள் வழங்குவோரே வேர் போன்றவர். வேர் வாடவே, 2009ஆம் ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டது. இந்தியன் மாஸ்டர்ஸ் அதன்பின் நடைபெறவே இல்லை.

ஆயினும், அது தேடித் தந்த வீரர் ஓய்ந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டில் அவந்தா மாஸ்டர்ஸ் போட்டியிலும், 2016, 2017ஆம் ஆண்டுகளில் இந்திய ஓபன் போட்டியிலும் சௌராசியாவே வாகை சூடினார். பொருளால் எழுந்த போட்டி பொருள் குறைந்ததும் மறைந்தது. பயிற்சியால் பெற்ற திறமையோ அவரை விட்டு நீங்கவில்லை. மாணவர்களே, வாய்ப்பு ஒருமுறையே வரினும், அதனைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலை நாள்தோறும் தேடிக்கொள்ளுதல் நம் கடமையன்றோ?