விலைபொருளும் மறைபொருளும்

கண்டி மாநகருக்குத் தென்கிழக்கே, மலைச்சரிவுகளிடையே அமைந்த ஹேவாஹெட்டப் பகுதி இலங்கையின் வணிக வரலாற்றிலே தனியிடம் பெற்றதாகும். இப்பகுதியைச் சேர்ந்த லூல்கந்துரத் தோட்டத்திலேதான், ஸ்கொத்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் டெய்லர் 1867 ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையை வணிகப் பயிராக நட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1883 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள், கொழும்பிலே முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. கோவிட்-19 நோய் பரவிய 2020 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவ்வேலம் இணையவழிக்கு மாறியது. ஆகவே, விற்போரும் கொள்வோரும் ஒருவரையொருவர் காணாது நடத்தும் வாணிகம் இம்மலைநாட்டுக்குப் புதியதன்று.

அவ்வேல முறையினைச் சற்று நோக்குதல் பயனுடையது. தொழிற்சாலை தன் தேயிலையின் மாதிரியைத் தரகரிடம் சேர்ப்பிக்கின்றது. தோட்டத்தின் விற்பனைக் குறி, தேயிலையின் தரம், நிறை ஆகியன பட்டியலில் அச்சிடப்படுகின்றன. கொள்வோர் மாதிரியைச் சுவைத்துப் பார்த்து விலை கூறுவர். பணம் தரகர் வாயிலாக வந்து சேரும். இங்கே பொருளைப் பற்றிய செய்தி யாவும் வெளிப்படையாக உள்ளது. தொழிற்சாலையின் பணப்பெட்டியைத் திறக்கும் வழியோ எவருக்கும் உரைக்கப்படுவதில்லை. விலைபொருளை வெளிப்படுத்தலும் மறைபொருளைக் காத்தலும் ஒருங்கே நடைபெறுகின்றன. 1894 இல் அமைந்த கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கத்தின் விதிகளும், தரகரின் பொறுப்பும் அதற்கு அரணாக நிற்கின்றன.

இன்று ஹேவாஹெட்டத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் ஒருவரும் தம் கைத்தொலைபேசி வாயிலாக விற்பனையாளராகலாம். தைத்த ஆடை, வீட்டிற் செய்த பலகாரம், தோட்டத்து மரக்கறி ஆகியவற்றைப் படம்பிடித்து முகநூலிலோ விளம்பரத் தளத்திலோ இட்டால், கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேள்வி வரும். ஆயின், இவருக்குத் தரகரும் இல்லை, சங்கமும் இல்லை. உற்பத்தியாளர், தரகர், காசாளர், காவலர் ஆகிய நால்வர் பணியும் ஒருவர் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது. இவற்றுள் காவலர் பணியே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. கொழுந்து பறித்துப் பல மாதங்கள் சேமித்த தொகை சில நொடிகளில் மறைந்துபோதற்கு அம்மறதி ஒன்றே போதும்.

நொடிகளில் என்பது மிகையன்று. 2015 ஆம் ஆண்டு முதல் இலங்கை வங்கிகளுக்கிடையே பணம் உடனுக்குடன் மாற்றப்படும் வசதி நடைமுறையில் உள்ளது. காசோலையாயின் அது வங்கியைச் சென்றடையுமுன் நிறுத்திவைக்க ஓரளவு காலம் கிட்டும். உடனடி மாற்றத்திலோ சென்ற பணத்தை மீட்டல் மிக அரிது. ஆதலால் வருமுன் காத்தலே இங்குத் தலையாய காப்பாகின்றது.

வங்கிக் கணக்கொன்றைப் பற்றிய செய்திகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. கணக்கினுட் பணம் வருவதற்கு வேண்டுவன ஒருவகை. கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதற்கு வேண்டுவன மற்றொருவகை. கணக்குடையார் பெயர், வங்கி, கிளை, கணக்கிலக்கம் ஆகிய நான்கும் முதல் வகையின. காசட்டையின் இரகசிய இலக்கம், அட்டையின் பின்புறத்துள்ள மூன்று இலக்கங்கள், இணைய வங்கிச் சேவையின் கடவுச்சொல், கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண் ஆகியன இரண்டாம் வகையின. பணம் பெறுவதற்கு இரண்டாம் வகையுள் ஒன்றேனும் தேவைப்படுவதில்லை. கோயில் உண்டியலிற் காசு போடுவார்க்கு அதன் திறவுகோல் வேண்டுவதில்லை; திறவுகோலைக் கேட்பவர் காசு போட வந்தவரல்லர். இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்கு வஞ்சகரின் சூழ்ச்சிகள் பல எளிதிற் புலனாகும்.

பெண்ணொருத்தி தான் தைத்த சட்டைகளை விற்பனைக்கு இடுகிறாள் எனக் கொள்க. ஒருவர் பேரம் பேசாது முழு விலைக்கும் இசைகிறார். பணம் அனுப்பியாயிற்று என்றும், அதனை ஏற்றுக்கொள்ள ஓர் இணைப்பைத் திறந்து அட்டையின் விபரங்களைப் பதிய வேண்டும் என்றும் கூறுகிறார். திறந்த பக்கத்தில் வங்கியின் சின்னம் போன்ற ஒன்று காணப்படுகின்றது. அவள் விபரங்களைப் பதிந்ததும் ஒருமுறைக் கடவெண் வருகிறது. அதனையும் பதிவாளாயின், அவள் பணத்தைப் பெற்றவளாகாள். பிறனொருவன் செய்த செலவுக்குத் தன் ஒப்புதலைக் கொடுத்தவளாவாள். அக்கடவெண்ணோடு வரும் செய்தியிலே எத்தொகை எதற்காகச் செலவாகிறது என்பது பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். ஆயின் அது பல வேளைகளில் ஆங்கிலத்தில் வருதலின், தமிழ் மட்டும் அறிந்தோர் அதனைப் படியாமலே எண்ணை மட்டும் எடுத்துரைத்து விடுகின்றனர். பள்ளி செல்லும் பிள்ளைகள் இச்செய்திகளை வீட்டாருக்குப் படித்துப் பொருள் கூறுதல் பேருதவியாகும்.

வேறு சில சூழ்ச்சிகளும் உள. வங்கிப் பற்றுச்சீட்டின் போலிப் படமொன்றை அனுப்பி, கூடுதலாகச் செலுத்திய தொகையைத் திருப்பித் தருமாறு வேண்டுவர் சிலர். படம் பணமாகாது, தம் கணக்கின் மீதியைத் தாமே பார்த்தறிந்த பின்னரே பொருளையோ பணத்தையோ அனுப்புதல் வேண்டும். வட்ஸ்அப் சேவையின் ஆறிலக்க எண்ணைக் கேட்டுப் பெற்று, விற்பனையாளரின் கணக்கையே கைப்பற்றி, அவர் பெயரால் உறவினரிடம் கடன் கேட்பாரும் உளர். 2018 இல் அறிமுகமான லங்காகியூஆர் முறையிலும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது: விற்பவர் தம் குறியைக் காட்டுவார்; கொள்பவர் அதனைத் தம் தொலைபேசியாற் படித்துப் பணம் செலுத்துவார். பணம் பெறுவதற்காக விற்பவர் பிறருடைய குறியைப் படிக்கவேண்டியதில்லை.

தேசிய அடையாள அட்டையின் படத்தைக் கேட்பார்க்கெல்லாம் அனுப்புதலும் தீங்கு தருவது. அதன் இலக்கம் வெறும் வரிசையெண் அன்று. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 1990532 எனத் தொடங்குமாயின், அவர் 1990 பெப்ருவரி முதலாம் நாள் பிறந்த பெண் என்பது தெளிவு. பிறந்த ஆண்டையே இரகசிய இலக்கமாக வைத்திருப்பார்க்கு இதனால் விளையும் கேடு சொல்லாமலே விளங்கும்.

சேமிப்புக் கணக்கை வீட்டுக்கென வைத்து, விற்பனைக்கெனச் சிறு கணக்கொன்றைத் தனியே திறந்து, சேரும் தொகையை அவ்வப்போது மாற்றிவிடுதல் நன்று. அதன்பின் தவறு நேரினும் இழப்பு சிறிதாகும். ஒருகால் இரகசியம் வெளிப்பட்டுவிட்டால், நாணத்தால் மறைத்தல் கூடாது. முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையையும் இணையச் சேவையையும் நிறுத்துவிக்க வேண்டும். செய்திகளை அழியாது வைத்துப் பொலிசில் முறையிட வேண்டும். இணையப் பாதுகாப்புக்கென அமைந்த ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தை 101 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். வங்கியின் விடை நிறைவளிக்காவிடின், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்னும் இலக்கத்தில் நாடலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இத்தகைய குற்றங்களைத் தண்டிக்க இடமளிக்கின்றது.

இறுதியாக, காத்தற் கடமை தன் பொருளோடு முடிவதன்று. கொள்வோரின் பெயரும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் விற்பவரிடம் வந்து சேர்கின்றன. எந்நோக்கத்திற்காகத் தரவு பெறப்பட்டதோ அந்நோக்கத்திற்கே அது பயன்படுதல் வேண்டும் என்பது, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகும். சட்டம் கூறாதவிடத்தும் நாணயமுடைய வணிகர் அதனையே செய்வர். ஹேவாஹெட்ட மலையிலிருந்து சென்ற தேயிலைக்கு அதன் குறியே நற்பெயர் தேடித்தந்தது. இன்றைய சிறு விற்பனையாளரின் குறி அவருடைய நம்பகமே. தம் மறைபொருளையும் பிறர் மறைபொருளையும் ஒப்பக் காப்பாரிடத்தே அது நிலைபெறும்.