இசைக்கு ஒரே அளவுகோல் உண்டா?

பிற நாட்டார் பாட்டைக் கேட்டதும் 'சுருதி சேரவில்லை' என்கிறோம். பிழை அவர்கள் பாட்டிலா, நம் அளவுகோலிலா?

இவ்வினாவை அளந்தே ஆராய்ந்தவர் அலெக்சாண்டர் எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர். ஒரு ஸ்தாயியை அவர் 1200 நுண்பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் 'சென்ட்' எனப் பெயரிட்டார். பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் சுரங்களுக்கு இடைவெளி 100 சென்ட். ஜாவாத் தீவில் வழங்கும் 'ஸ்லென்ட்ரோ' சுரவரிசையோ, ஸ்தாயியை ஏறத்தாழச் சமமான ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 240 சென்ட். பியானோவில் 200 உண்டு, 300 உண்டு, 240 இல்லை. எனவே பியானோவுக்குப் பழகிய செவி அதனைப் பிழை என்கிறது. ஜாவா மக்களுக்கோ அதுவே சுருதி சுத்தம்!

சுரவரிசை என்பது இயற்கை வகுத்த ஒன்றன்று; மக்கள் அமைத்துக்கொண்ட பல என்று 1885-ஆம் ஆண்டில் எல்லிஸ் முடிவு கூறினார்.

பின்னர், ஜாவா இசையை ஆராய்ந்த டச்சு அறிஞர் யாப் குன்ஸ்ட், 1950-இல் இத்தகைய ஆய்வுக்கு 'இனஇசையியல்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஒரு மக்களின் இசையை அவர்தம் செவியாலும் வாழ்வாலும் அறிய முயல்வதே இத்துறையின் முதற்பாடம்.

பழகாத இசையைக் குறை கூறுமுன் இன்னொரு முறை செவிமடுப்போம். நம் செவியும் ஓர் ஊரில் பழகிய செவியே அல்லவா?